அழுகை நின்ற பிறகு

என் கணவர் அழுது நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு மாட்டுக்காக. அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவர் கால்நடை மருத்துவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஒரத்தநாட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களிலேயே கழிந்தது. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையில், புது ஆற்றுத் தண்ணீர் வரும் ஒரு வாய்க்காலை ஒட்டி வீடு கட்டிக்கொண்டோம். ஒரே மகள். கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். அவர் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். ஒரு விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"டாக்டர், ராத்திரி கன்னு போட்ட மாடு படுத்துக்கிச்சு. எழுந்திரிக்கவே மாட்டேங்குது. தலைய வயித்துப் பக்கமா மடக்கி வச்சுக்கிட்டுக் கெடக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவர் சொன்னதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கே தெரிந்த நோய். கன்று போட்ட கையோடு பால் சுரக்கும்போது மாட்டின் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று குறைந்துவிடும். தசைகள் வேலை செய்யாது, காது சில்லிட்டுப் போகும், மாடு செத்ததுபோலப் படுத்துவிடும். கால்சியத்தை ரத்தக் குழாயில் ஏற்றினால், பாட்டில் காலியாவதற்குள் சில மாடுகள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நின்றுவிடும். பணியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு மாட்டை எழுப்பிவிட்டு வந்த நாளில் எல்லாம் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுத்தான். "வேற எந்த வைத்தியத்துலயும் கடவுள் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்றதில்ல" என்பார். மகள் சிறுமியாக இருந்தபோது அவளையும் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்.

அன்று அவர் போனார். நானும் பின்னாலேயே போனேன். மாட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காதைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் சுடுதண்ணீர் வேண்டுமா, விளக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் கணவர் எழுந்தார்.

"எனக்கு முடியலப்பா. வேற யாரையாவது கூப்பிட்டுக்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து ஒரத்தநாட்டு ஆஸ்பத்திரிக்கு இப்போது வந்திருக்கும் புது டாக்டரைக் கூப்பிட்டேன். பைக்கில் வந்த அந்த இளைஞர் பாட்டிலைக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டு ஊசியைக் கழுத்தில் ஏற்றினார். மாடு ஏப்பம் விட்டது, உடம்பு நடுங்கியது, முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. எதிர்வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. கண்ணீர் தாடை வழியாக வடிந்து சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது? மாடுதான் எழுந்திரிச்சிடுச்சே."

"தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அதற்கு முன்னால் நடந்தவையெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தன. காலையில் இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து, கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேப்பர் பிரிக்காமலே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்ட பிறகு "நீ போயிட்டு வா" என்பார். மீன் குழம்பு வைத்தால்கூடத் தட்டைத் தள்ளிவைத்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும், "ரிட்டயர் ஆனா அப்படித்தான் டீச்சர், கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றார்கள். மகள் மட்டும் போனில், "அம்மா, அப்பாவுக்கு டிப்ரஷனா இருக்கும். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்றாள்.

தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். என் கணவர் மறுப்பே சொல்லாமல் கிளம்பியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் இன்னொரு மருத்துவரை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறவர் இல்லை. டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார்.

"மனச்சோர்வுதான் சார். இந்த வயசுல நிறைய பேருக்கு வருது. மூளையில சில ரசாயனம் குறைஞ்சிடும். மாத்திரை போட்டா மெதுவா சரியாகும்."

"என்ன குறையுது?" என்று கேட்டார் என் கணவர். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி.

"செரட்டோனின், நார்அட்ரினலின். இந்த மாதிரி."

திரும்பி வரும்போது ஆட்டோ பெரிய கோயிலைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "கால்சியம் மாதிரியா?"

"அப்படித்தாங்க" என்றேன்.

சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நான் செரட்டோனினின் அமைப்பைத் தேடிப் பார்த்தேன். இரண்டு வளையங்கள், ஒரு வால். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரே மூச்சில் வரைந்து காட்டிவிடலாம். இத்தனூண்டு ஒரு மூலக்கூறு இல்லாததால் ஒரு ஆள் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாமல் ஆகிவிடுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இல்லாததைக் கொடுத்தால் எழுந்துவிடுவார் என்று நிம்மதியாகவும் இருந்தது.

மாத்திரை போட ஆரம்பித்தார். ஒரு மாற்றமும் இல்லை. விடியற்காலை விழிப்பு மட்டும் போகவே இல்லை என்று சொன்னதும், தூக்கத்துக்கும் சேர்த்துப் பழைய வகை மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதில் தூங்கினார். உடம்பு கொஞ்சம் தேறியது. ஆனால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறது என்பார், தண்ணீர் தண்ணீர் என்று கேட்பார். கேட்டதையே கேட்க ஆரம்பித்தார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டு நான் சொன்னதும், தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கேட்பார்.

ஒரு நாள் ஒரத்தநாட்டுக் கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் போனவர், பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஸ்கூட்டர் எங்கங்க?"

"எந்த ஸ்கூட்டர்?"

எதிர்வீட்டுக்காரர் போய்த் தேடி, ஒரு உரக்கடை வாசலில் சாவியோடு நின்ற வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் தஞ்சாவூர் டாக்டரிடம் சொன்னேன். மனச்சோர்வு இருந்தால் கவனம் ஒன்றிலும் நிற்காது, அது பார்ப்பதற்கு மறதி போலவே இருக்கும், சோர்வு சரியானால் இதுவும் சரியாகிவிடும் என்றார். அப்படி ஆகிறவர்களும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாம்மா, எப்ப வந்தே?" என்று கையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாய் தவறிச் சொல்கிறார் என்று அவளும் சிரித்தாள். அன்று முழுக்க அதே பெயரைத்தான் சொன்னார். சாயங்காலம் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, இது வெறும் டிப்ரஷன் இல்லம்மா."

"டாக்டர் அப்படித்தானே சொல்றாரு."

"அம்மா" என்றாள் மறுபடியும். நான் அடுப்பை அணைத்தேன்.

திருச்சியில் நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். மகளைவிடச் சில வயது பெரியவளாக இருக்கலாம். என் கணவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களை எல்லாம் வலது பக்கத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி எழுதினார். ஆறோ ஏழோ எழுதும்போது இடம் போதாமல் வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. பென்சிலை மரியாதையாக மேசையில் வைத்து, "மன்னிச்சுக்கங்க டாக்டர்" என்றார். என் வாழ்க்கையில் அவர் யாரிடமும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மகளோடு அவரை வெளியே உட்காரவைத்து, என்னிடம் மட்டும் பேசினாள்.

"சோர்வினால மறதி வந்துச்சா டாக்டர், இல்ல மறதியினால சோர்வா?" என்று கேட்டேன். காரணம் எது, விளைவு எது என்று கேட்டே பழகின வாய்.

அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூளையின் வடிவத்தைக் கோடாக இழுத்து, அடியில் தண்டுபோல் இறங்கும் இடத்தில் இரண்டு புள்ளி வைத்தாள்.

"இங்க சின்னதா செல் கூட்டம் இருக்கும்மா. மனசைத் தூக்கி நிறுத்துற ரசாயனங்களை மூளை முழுக்க அனுப்புறது இதுங்கதான். இந்த மறதி நோய் நிறைய பேருக்கு முதல்ல கைவைக்கிற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. ஞாபகத்துக்கான பகுதிக்கு அப்புறம்தான் போகும். அதனால மறதி வெளிய தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மனசு விழுந்துடுது. சோர்வு வர்ற எல்லாருக்கும் இந்த நோய் வந்துடாது. ஆனா சாருக்கு ரெண்டும் தனித்தனி வியாதின்னு எனக்குத் தோணல. ஒரே வியாதிதான். சோர்வு அதோட முதல் முகம்."

"குறையுற ரசாயனத்தைக் குடுத்தா?"

"இந்த மாத்திரைங்க புதுசா எதையும் குடுக்கறதில்லம்மா. சுரந்ததைக் கொஞ்ச நேரம் கூடுதலா அங்கேயே தங்க வைக்குது. சுரக்கற செல்லே செத்துக்கிட்டிருந்தா, எதைத் தங்க வைக்கறது?"

எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் புரிந்ததுபோலத் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டிவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

தூக்கத்துக்கான அந்தப் பழைய மாத்திரையை மெல்ல நிறுத்தச் சொன்னாள். ஞாபகத்துக்கு வேண்டிய இன்னொரு ரசாயனத்தை அது தடுக்கிறது, இவருக்கு அது ஏற்கனவே குறைவு என்றாள். "நோய் அந்த மாத்திரையால வரல. இருக்கறதுக்கு மேல போர்வை மாதிரி மூடியிருக்கும். எடுத்தா கொஞ்சம் தெளியலாம். ரொம்ப எதிர்பார்க்காதீங்கம்மா."

நான் எதிர்பார்த்தேன். அவர் தெளியவும் செய்தார்.

அது தை மாதம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரத்தின் சத்தம் பகலெல்லாம் கேட்கும். ஒரு காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நெல்லு ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல எடுக்க மாட்டேங்கறாங்களாமே" என்றார். நான் கையில் இருந்த கரண்டியோடு வந்து எதிரே நின்றுவிட்டேன். மகளை அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார். எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். அது வளர்ந்து சினைக்கு வந்திருந்தது. நான் ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அந்த நாட்களில் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடப்போம். வெட்டுக்கிளி தெறிக்கும் வரப்பில் அவர் முன்னால் போவார். ஒரு நாள் நின்று, மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எதிர்வீட்டு மாடு படுத்துக் கெடந்துச்சே."

"ஆமாங்க."

"எனக்கு மனசில்லாமதான் திரும்பி வந்துட்டேன்னு நினைச்சீங்கல்ல எல்லாரும்?"

நான் அவர் எதிரே வந்து நின்றேன்.

"காதைத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. இது நமக்குத் தெரிஞ்ச சங்கதின்னு தெரியுது. ஆனா என்ன சங்கதின்னு வரல. என்ன மருந்து, எங்க குத்தணும், ஒண்ணும் வரல. நம்ம வீட்டுக் கதவை யாரோ உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அந்தப் பையன் பாட்டிலைத் தொங்கவிட்டான் பாரு, அதப் பார்த்தப்புறம்தான் வந்துச்சு. கால்சியம்."

"ஏங்க அப்பவே சொல்லல?"

"மனச்சோர்வுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுவாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வாய்க்காலில் தண்ணீர் வற்றிக் கொண்டிருந்தது. கொக்குகள் சேற்றில் நின்றன. அவர் பேசுவது அவ்வளவு தெளிவாக இருந்ததால், என்ன பேசுகிறார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எத்தனை பேர்கிட்ட, 'இது இனிமே எழுந்திரிக்காதுப்பா, விட்டுடு'ன்னு சொல்லியிருக்கேன். இடுப்பு உடைஞ்சது, குடல்ல ஆணி போனது. சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் அவங்க அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணாங்கன்னு நான் போய்ப் பார்த்ததே இல்ல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன பண்ணப் போற?"

"நான் பாத்துக்கறேங்க" என்றேன்.

"அவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகும் பேசினார். ஆனால் என்னிடம் பேசவில்லை.

மாசி முடிவதற்குள் அந்தத் தெளிவு போய்விட்டது. ஞாபகத்துக்காகக் கொடுத்த புது மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது, நாடி மிகவும் மெதுவாகிவிட்டது என்று திருச்சி டாக்டரே அதை நிறுத்தினாள். சோர்வு திரும்பி வந்தது. முன்பு வந்ததைவிடப் பெரிதாக. நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அழுகை தொடங்கும். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுவார்.

"எதுக்குங்க அழறீங்க?"

"யாரோ செத்துட்டாங்க."

"யாரு?"

"நீதான் சொல்லணும். எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"யாரும் சாகலங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"நிஜமாவா?" என்பார். முகத்தில் அப்படி ஒரு ஆறுதல் வரும். கையைப் பிடித்துக்கொள்வார். நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் சொன்னது மறந்துபோயிருக்கும். துக்கம் மட்டும் அப்படியே இருக்கும். திரும்பவும் யாரோ செத்திருப்பார்கள்.

அவருக்குத் துக்கப்பட ஒரு காரணம் இருந்தால் அதைப் பேசி ஆற்றலாம். காரணம் மறந்துவிட்டது, துக்கம் மறக்கவில்லை. அல்லது காரணமே கிடையாது. செல்கள் சாகின்றன, அந்தச் சாவை அவர் மனம் ஒரு மனிதச் சாவாக எடுத்துக்கொள்கிறது. எனக்கு இப்படியெல்லாம் தோன்றும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளிடம், எல்லாமே கடைசியில் வேதியியல்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்ந்ததில், அவருடைய கோபத்தையும் கூச்சத்தையும் நகைச்சுவையையும் அவருடையவை என்றே நினைத்திருந்தேன். இப்போது இந்தத் துக்கம் அவருடையதா, நோயினுடையதா? நோயினுடையது என்றால், முன்னாலிருந்த சிரிப்பு யாருடையது? இதை யாரிடமும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தபோது கேட்க வாயெடுத்தேன். அவர் ரொம்ப இளையவர். பாவமாக இருந்தது.

மாத்திரையைக் கூட்டினார்கள், மாற்றினார்கள். இந்த நோயில் வரும் சோர்வுக்கு மாத்திரை பெரும்பாலும் எடுபடுவதில்லை என்று டாக்டர் என்னிடம் மறைக்கவில்லை. நான் மாதாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். ஞாபகம் வர வேண்டாம். என்னைத் தெரிய வேண்டாம். இந்த அழுகை மட்டும் நிற்கட்டும்.

நின்றது.

அது ஐப்பசி மழைக்காலம். வயலும் வாய்க்காலும் ஒன்றாகி நடவுப் பயிர் முழுகிக் கிடந்த நாட்களில், அவர் அழாமல் இருக்கிறார் என்பதையே நான் தாமதமாகத்தான் கவனித்தேன். மழையில் துணி காயாத அலைச்சலில் இருந்துவிட்டேன். ஒரு சாயங்காலம் காபியோடு வராந்தாவுக்கு வந்தபோது, துண்டு தோளிலேயே உலர்ந்து கிடந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ காலில் மகள் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா முகம் தெளிஞ்சிருக்கும்மா" என்றாள். எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டு, "டாக்டர் இப்ப நல்லா ஆயிட்டாரு டீச்சர்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வஞ்சிரம் வாங்கி வறுத்து, முள் எடுத்து ஊட்டினேன். மழை விட்டதும், பார்க்கட்டும் என்று நல்ல சட்டை போட்டுத் திருச்சிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பெயர் கேட்டாள். கைதட்டினாள். அவர் அவளுடைய மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழறதே இல்ல டாக்டர். சுத்தமா நின்னுடுச்சு" என்றேன்.

"சந்தோஷமா இருக்காரா?"

யோசித்தேன். "அழல."

"பசிக்குதுன்னு கேக்கறாரா? எதையாவது வேணாம்னு தள்றாரா? நீங்க கொஞ்ச நேரம் வெளிய போனா தேடறாரா?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிய ஆரம்பித்தது. அவள் என் கையின்மேல் கையை வைத்தாள்.

"அழறதுக்கும் கொஞ்சம் மூளை மிச்சம் இருக்கணும்மா" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். வேறு எப்படிச் சொல்வது?

அடுத்த மாதம் அவருடைய அண்ணன் கும்பகோணத்தில் இறந்துபோனார். அப்பா செத்த பிறகு இவரைப் படிக்கவைத்தது அவர்தான். மூன்று நாளைக்கு ஒருமுறையாவது போனில் பேசிக்கொண்ட மனிதர்கள் இருவரும். கூட்டிப்போக வேண்டாம் என்றாள் மகள். நான் கூட்டிப்போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணி வந்து இவருடைய கையை எடுத்து அந்தக் குளிர்ந்த நெற்றியில் வைத்து, "உங்க அண்ணனப் பாருங்க தம்பி" என்று கதறினார்.

இவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியின்மேல் வைத்த கை, வைத்த இடத்திலேயே இருந்தது.

இந்த ஆள் ஒருமுறை அழுதால் போதும் என்று நான் அங்கே நின்று வேண்டிக்கொண்டேன். எந்த மாதாவிடம் நிற்கட்டும் என்று கேட்டேனோ, அதே மாதாவிடம். ஒரு சொட்டு வரட்டும். உதடாவது கோணட்டும். யாரோ டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிஸ்கட்டை அவர் வாயில் வைத்ததும் மென்றார். அதைப் பார்த்து நான் அழுதேன். வந்தவர்கள் எல்லோரும் கணவரின் அண்ணனுக்காக இவ்வளவு அழுகிறாளே என்று என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. இப்போது நடப்பதைக்கூட மறந்துகொண்டிருக்கிறார். பிடித்து நிறுத்தி ஒரு காலை நகர்த்தினால்தான் அடுத்த காலை வைக்கிறார். விழுங்குவதற்கு நேரமாகிறது. மருந்துகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. டாக்டரிடம் போனால் என்னைப் பற்றித்தான் கேட்கிறாள்.

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா? தூங்கறீங்களா?"

"விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது."

"சாப்பாடு?"

"சாப்பிடறேன்."

அவள் எழுதிக்கொடுத்த மாத்திரை எனக்குத் தெரிந்த மாத்திரைதான். என் கணவருக்குத் தஞ்சாவூரில் முதல் நாள் கொடுத்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வருகிற சோர்வு இது, அவருக்கு வந்தது வேறு, பயப்பட வேண்டாம் என்றாள். நான் பயப்படவில்லை. ஆனால் பார்க்கும்போது ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, பாடம் எடுத்த நாட்களில் தூக்கத்திலும் சொல்லக்கூடியவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று. சில நாள் சரளமாக வருகிறது. சில நாள் நடுவில் ஒன்று வராது. வயதானால் அப்படித்தான். அலுப்பில் அப்படித்தான். டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. எடுத்துத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? மகளிடமும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்காகவும் சேர்த்துக் கவலைப்பட வேண்டிய நாள் வந்தால், அப்போது பட்டுக்கொள்ளட்டும். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று தினமும் கேட்கிறாள். "இருக்கோம்" என்கிறேன்.

இப்போது வெளியே குறுவை நடவு நடக்கிறது. வெயில் ஏறியதும், ஆள் உதவியோடு அவரைப் பின்பக்கம் கொண்டுவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறேன். தலையில் தண்ணீர் விழும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். சூடு சரியா என்று முன்பெல்லாம் கேட்டுக் கேட்டு ஊற்றுவேன். இப்போது கேட்பதில்லை. என் கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டு, பிறகு அவர்மேல் ஊற்றுகிறேன்.